வாரத்துக்கு 4 மணி நேரம்: நாக்லசைம் மருந்து பற்றி

திண்டுக்கல்லில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். டி.பார்ம். படித்தவள். என் இளைய மகனுக்கு எம்.பி.எஸ். 6 (மியூகோபாலிசாக்கரிடோசிஸ், ஆறாம் வகை) என்கிற அரிய நோய். 1963இல் பிரான்சின் மருத்துவர்கள் பியர் மரோட்டோவும் மொரிஸ் லாமியும் விவரித்ததால் மரோட்டோ-லாமி நோய் என்றும் சொல்வார்கள். அதற்குக் கொடுக்கப்படும் நொதி மருந்துதான் நாக்லசைம். குப்பிக்குள் இருக்கும் மருந்தின் பெயர் கால்சல்ஃபேஸ். அமெரிக்காவின் பயோமரின் நிறுவனம் தயாரிக்கிறது. 2005 மே மாத முடிவில் அங்கே ஒப்புதல் கிடைத்தது.

இந்த நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோர் என்னிடம் போனில் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதைப் போட்டா சரியாயிடுமாக்கா?" ஆமாம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. அதனால்தான் மருந்தைக் கையாளத் தெரிந்தவளாகவும், அதைப் போட்டுக்கொள்ளும் பிள்ளையின் அம்மாவாகவும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மருந்து எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது குரோமோசோமில் ஏ.ஆர்.எஸ்.பி. என்றொரு மரபணு இருக்கிறது. அது உருவாக்கும் நொதி அரைல்சல்ஃபடேஸ் பி. உடலின் செல்களுக்குள், லைசோசோம் என்ற சிறு பைகளில் இருந்து வேலை செய்வது. குருத்தெலும்பு, தோல், இதய வால்வு, கண்ணின் கருவிழி ஆகியவற்றில் டெர்மடான் சல்ஃபேட், காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. அவை பழசாகும்போது உடல் நுனியிலிருந்து ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றும். நுனியில் ஒட்டியிருக்கும் சல்ஃபேட்டை இந்த நொதி எடுத்தால்தான் அடுத்த நொதி கை வைக்க முடியும். எடுக்காவிட்டால் அந்த இடத்திலேயே எல்லாம் நின்றுபோய், சங்கிலிகள் செல்லுக்குள் தேங்குகின்றன. குழந்தை பிறக்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். போகப்போக விரல்கள் மடங்கி இறுகும், வயிறு பெருக்கும், மூச்சில் சத்தம் வரும், வளர்த்தி நிற்கும். அறிவு பொதுவாகக் கெடுவதில்லை. என் மகன் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பதில் கெட்டிக்காரன். அவனைப் பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் பேசும் பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன்: அவனிடமே பேசுங்கள், அவனுக்கு எல்லாம் புரியும்.

இல்லாத நொதியை வெளியிலிருந்து கொடுக்க முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிடித்த கதை. 1968இல் எலிசபெத் நியூஃபெல்டும் அவருடைய சகாக்களும் இதே நோய்க் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு வேறு வேறு நோயாளிகளின் தோல் செல்களை ஒரே தட்டில் சேர்த்து வளர்த்தார்கள். இரண்டு வகைச் செல்களிலும் தேக்கம் குறைந்தது. ஒன்றிடம் இல்லாததை மற்றது வெளியே விட, இது உள்ளே இழுத்துக்கொண்டது. செல்லின் மேல்பரப்பில் அதற்கென்றே ஒரு வாசல் இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. நாக்லசைம் போகும் வழியும் அதுதான். இன்னொரு பக்கம், 1977இல் சயாமீஸ் பூனைகளில் இதே நோய் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஜான் ஹாப்வுட் குழுவினர் மனித நொதியைத் தயாரித்து அந்தப் பூனைகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்தே கொடுத்த குட்டிகளுக்கு நல்ல பலன் கிடைத்தது. பூனைகளில் தெரிந்த அந்தப் பாடம்தான் குழந்தைகளுக்கும் பொருந்துகிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

இனி குப்பி. 5 மி.லி. திரவத்தில் 5 மில்லிகிராம் மருந்து. நிறமில்லாமல் அல்லது லேசான மஞ்சளாக இருக்கும், கொஞ்சம் பால் கலந்தாற்போல் மங்கலாகவும் தெரியலாம். நிறம் மாறியிருந்தால் தொடக் கூடாது. 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் வைக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. இன்சுலினைக் கையாண்ட எவருக்கும் இது பழக்கமான விதிதான். இருந்தாலும் இன்சுலின் குப்பி ஒன்று வீணானால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். இதில் ஒரு குப்பி போனால் அந்த வாரமே போச்சு. ஐஸ் பேக்கை நேரடியாகக் குப்பி மேல் வைத்துக் கட்டிய தெர்மகோல் பெட்டியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு துணியோ அட்டையோ இருக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போது வெப்பமானியின் அளவைப் பார்த்து எழுதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், வாரம் ஒரு முறை. கணக்கு சுலபம். 15 கிலோ குழந்தைக்கு மூன்று குப்பி. எடை 16 கிலோ ஆனதும் நான்கு. முழுக் குப்பியாகவே எடுக்க வேண்டும், பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்காததால் மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது. பிள்ளை எடை போடுவது எந்தத் தாய்க்கும் சந்தோஷம். எங்களுக்கு அந்தச் சந்தோஷத்தோடு கூடவே நான்காவது குப்பிக்கு எங்கே போவது என்ற கவலையும் வந்தது.

கலக்கும் விதத்தில்தான் தவறு நடக்க வாய்ப்பு அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். குப்பியை வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வர விட வேண்டும், சூடுபடுத்தக் கூடாது. சாதாரண சலைன் பையிலிருந்து, சேர்க்கப்போகும் மருந்தின் அளவுக்குச் சலைனை முதலில் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பிறகு மருந்தை மெதுவாக உள்ளே விட வேண்டும். குலுக்கவே கூடாது. இது புரதம், குலுக்கினால் சிதைந்து திரியும். பையை மெல்லச் சுழற்றினால் போதும். ஆன்டிபயாட்டிக் பொடியைக் கரைப்பவர்களுக்குக் குப்பியைக் கையில் எடுத்ததும் குலுக்குவது பழகிப்போயிருக்கும். புதிதாக வரும் சிஸ்டரிடம் ஒவ்வொரு முறையும் இதை நான் சொல்லிவிடுவேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மருந்து போகும் டியூபில் 0.2 மைக்ரான் ஃபில்டர் இருக்க வேண்டும், அதுவும் புரதம் அதிகம் ஒட்டாத வகை. எல்லா மருத்துவமனையிலும் அது கையிருப்பில் இருக்காது. எங்கள் பையில் எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கும்.

மொத்தம் 250 மி.லி. சலைனில் கலப்பதுதான் வழக்கம். 20 கிலோ அல்லது அதற்குக் கீழே உள்ள, அதிக நீர் தாங்காத குழந்தைகளுக்கு 100 மி.லி. போதும் என்று மருத்துவர் முடிவெடுக்கலாம். 250 மி.லி. பைக்கு, முதல் ஒரு மணி நேரம் வெறும் 6 மி.லி. வேகத்தில்தான் பம்ப் ஓடும். எதுவும் ஆகவில்லை என்றால் அடுத்த மூன்று மணி நேரம் 80 மி.லி. வேகம். எந்தப் பையாக இருந்தாலும் மொத்தம் 4 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. 'சீக்கிரம் முடிச்சு அனுப்பிடலாம்' என்று வேகத்தைக் கூட்ட யாரையும் விடாதீர்கள். ஆரம்பிப்பதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் அலர்ஜிக்கான மருந்து கொடுப்பார்கள், தேவையென்றால் பாராசிட்டமாலும். இங்கே ஓர் எச்சரிக்கை: இந்தக் குழந்தைகளுக்குத் தொண்டையும் மூச்சுக்குழாயும் குறுகலாக இருக்கும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அலர்ஜி மருந்து தூக்கத்தைக் கொடுக்கும். அதனால் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி விரலில் மாட்டியே இருக்க வேண்டும். இரவில் சிபாப் (மூச்சுவழி அடைபடாமல் முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி) போடும் குழந்தை என்றால் அந்தக் கருவியையும் கையோடு கொண்டுபோங்கள்.

என் மகனுக்கு ஆரம்ப மாதங்களில் ஒரு முறை குளிர் நடுக்கமும் தடிப்பும் வந்தன. பம்பை நிறுத்தி, மருந்து கொடுத்து, அடங்கிய பின் இன்னும் குறைந்த வேகத்தில் மறுபடி தொடங்கினார்கள். அன்று நான் நடுங்கிப்போனேன். ஆனால் கால்சல்ஃபேஸ் எடுத்துக்கொள்ளும் ஏறக்குறைய எல்லோருக்குமே உடல் எதிர்ப்புப் பொருள் உண்டாக்குகிறது. ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டது என்பதற்காக மருந்தே ஆகாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவசரத்துக்கு அட்ரினலினும் டாக்டரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில் மட்டும் போடுங்கள்.

வாரா வாரம் நரம்பு கிடைப்பது இன்னொரு சோதனை. தோல் தடித்துப்போயிருப்பதால் வென்ஃப்ளான் (நரம்பில் செருகி வைக்கும் மெல்லிய குழாய்) போட சிஸ்டர்கள் திணறுவார்கள். மார்பில் தோலுக்கு அடியில் போர்ட் என்ற நிரந்தர ஊசி வாசலை வைத்துக்கொள்ளலாம்தான். அதற்கு மயக்க மருந்து தேவை, மயக்க மருந்து இந்தக் குழந்தைகளுக்கு ஆபத்தானது. கழுத்து இறுக்கம், சிறிய தாடை, குறுகிய மூச்சுக்குழாய் எல்லாம் சேர்ந்து டியூப் செலுத்துவதைக் கடினமாக்கும். போர்ட்டோ, குடலிறக்கமோ, எந்த அறுவை சிகிச்சையாக இருந்தாலும் எம்.பி.எஸ். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரைத் தேடிப் போங்கள். நாங்கள் போர்ட் வைக்கவில்லை. புறங்கையில் நரம்பு தேடும் பொறுமைசாலி சிஸ்டர் ஒருவர் எங்களுக்குக் கிடைத்திருக்கிறார். அவர் விடுப்பில் இருந்தால் என் மகன் முகம் வாடிவிடும்.

சரி, பலன்? ஒப்புதலுக்கான பெரிய ஆய்வில் 39 பேர்தான் இருந்தார்கள். நோய் அவ்வளவு அரிது. 24 வாரம் கழித்து, 12 நிமிட நடையில் மருந்து பெற்றவர்கள் மற்றவர்களைவிட சராசரியாக 92 மீட்டர் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். சிறுநீரில் வெளியேறும் அந்தச் சர்க்கரைச் சங்கிலிகளின் அளவு வெகுவாகக் குறைந்தது. காகிதத்தில் 92 மீட்டர் சின்ன எண். எங்கள் தெரு முனையிலிருந்து பள்ளி வாசல் வரை அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்தத் தூரத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள் நான், இப்போது அவன் பையை மாட்டிக்கொண்டு தானே நடக்கிறான்.

வீட்டில் நாங்கள் முதலில் கவனித்தது தூக்கம். குறட்டை குறைந்து, இரவில் வியர்த்து எழுந்து உட்காருவது நின்றது. கல்லீரலும் மண்ணீரலும் சுருங்கி, வயிறு மெதுவாக இளகியது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறது, சட்டையைத் தானே போட்டுக்கொள்கிறான். ஆனால் மேல் பொத்தானை இன்னும் நான்தான் போடுகிறேன். சளி பிடித்து வாரக்கணக்கில் கிடப்பது குறைந்துவிட்டது. இவையெல்லாம் ஒரே மாதத்தில் வந்தவை அல்ல. ஆறு மாதமாவது பொறுத்துப் பார்க்காமல் பலன் இல்லை என்று சொல்லாதீர்கள்.

கிடைக்காதவற்றையும் சொல்லிவிட வேண்டும். கருவிழியின் மங்கல் போகவில்லை. விரல்களின் மடக்கம் முழுதாக நீங்கவில்லை. வளைந்த எலும்பு நிமிரவில்லை. இதய வால்வின் தடிப்பு இருந்தது இருந்தபடியே. ரத்தம் அதிகம் எட்டாத குருத்தெலும்புக்கும் கருவிழிக்கும் நொதி போதுமான அளவு போய்ச் சேருவதில்லை. கழுத்தில் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சவ்வு தடித்து நரம்பை அழுத்துவதையும் இந்த மருந்து தடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. கழுத்து எம்.ஆர்.ஐ., எக்கோ, கண், காது என்று ஒவ்வொன்றையும் தவணை தவறாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிசியோதெரபியை நிறுத்தக் கூடாது. மருந்து போடுகிறோமே என்று இவற்றை விட்டுவிட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பெண் நடையை இழந்த பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

அதனால் எல்லாம் எப்போது ஆரம்பிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகளுக்கு இந்த நோய். மூத்த குழந்தைக்கு மூன்றரை வயது கடந்த பிறகு மருந்து கிடைத்தது. இளைய குழந்தைக்குப் பிறந்த எட்டாவது வாரத்திலேயே. ஒரே மருந்து, ஒரே மரபணுப் பழுது. மூன்றரை ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது, இளைய குழந்தைக்கு முதுகு வளையவில்லை, மூட்டுகள் நன்றாக அசைந்தன, முகமும் மாறவில்லை. எலும்பு மாற்றங்களும் கருவிழி மங்கலும் அந்தக் குழந்தைக்கும் வரத்தான் செய்தன. ஆனாலும் இருவரையும் ஒப்பிட்டால் இடைவெளி பெரியது. அடிலெய்டின் பூனைக்குட்டிகள் காட்டியதும் இதைத்தான்.

எங்கள் ஊர்ப்பக்கம் சொந்தத்துக்குள் கல்யாணம் வழக்கம். நானும் என் கணவரும் அத்தை மகன், மாமன் மகள். இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இது யாருடைய பாவமும் இல்லை, ஜாதகக் கோளாறும் இல்லை. ஒரு குழந்தைக்கு உறுதியாகிவிட்டால், பின்னால் பிறக்கும் குழந்தையைக் கருவிலோ பிறந்த உடனேயோ பரிசோதித்துவிடலாம். அந்த எட்டாவது வாரம் கிடைக்க அது ஒன்றுதான் வழி.

நோயைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குக் காலம் போனது. மூட்டில் வீக்கமோ சூடோ இல்லாமல் இறுக்கம் மட்டும் இருந்ததை முடக்குவாதம் என்றார்கள், இன்னோர் இடத்தில் ரிக்கெட்ஸ் என்றார்கள். உங்கள் குழந்தைக்குச் சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்தத்தில் நொதி அளவும் பார்த்தால், ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: அரைல்சல்ஃபடேஸ் பி குறைவு என்று வந்தால், இன்னொரு சல்ஃபடேஸ் நொதியையும் அதே மாதிரியில் அளந்தார்களா? இந்தக் குடும்பத்து நொதிகள் எல்லாவற்றிலும் சிஸ்டீன் என்ற ஓர் அமினோ அமிலத்தைத் திருத்தி அமைத்து வேலைக்குத் தயார்படுத்தும் வேறொரு நொதி இருக்கிறது. அது பழுதானால் எல்லா சல்ஃபடேஸும் ஒரே நேரத்தில் குறையும். அது வேறு நோய், அதற்கு நாக்லசைம் மருந்தாகாது. மரபணுப் பரிசோதனையில் ஏ.ஆர்.எஸ்.பி. பழுது உறுதியான பிறகே குப்பிக்கு விண்ணப்பம் போடுங்கள்.

கடைசியாகப் பணம். 2021இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையில் எம்.பி.எஸ். 6 இருக்கிறது. சிறப்பு மையங்கள் வழியாக, இப்போதைய விதிப்படி ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி. தமிழ்நாட்டில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அந்த மையங்களில் ஒன்று. வெளிநாட்டிலிருந்து சொந்த உபயோகத்துக்கு வரவழைத்தால், 2023 ஏப்ரல் 1 முதல் சுங்க வரி கிடையாது. அதற்கு மாவட்ட அளவிலோ அதற்கு மேலோ உள்ள அரசு மருத்துவ அதிகாரியின் சான்றிதழ் வேண்டும். 50 லட்சம் எங்களைப் போன்ற குடும்பம் கனவிலும் காணாத தொகை. ஆனால் இது ஆயுள் முழுக்கப் போட வேண்டிய மருந்து, எடை ஏற ஏறக் குப்பியும் ஏறும். வரம்பு கட்டிய தொகையை வரம்பில்லாத மருந்துக்குக் கொடுத்தால், அது தீரும் நாளும் நிச்சயம் வரும். எங்களுக்கு வந்தது. அந்த இடைவெளியில் முதலில் திரும்பியது குறட்டை, பிறகு காலையில் எழுந்ததும் கை மடங்கி நிற்பது. ஒரு நன்கொடைத் திட்டத்தில் மறுபடி மருந்து கிடைக்கும்வரை ஒவ்வொரு வாரமும் பிள்ளை கண் முன்னே பின்னோக்கிப் போவதைப் பார்த்தேன். மருந்தின் வலிமையை எனக்கு ஆய்வறிக்கை காட்டியதைவிட அந்த வாரங்கள்தான் அதிகம் காட்டின. அரசாங்கம் இந்த 50 லட்சத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் அதற்கு முன் கொடுத்ததும் வீணாகிறது.

வாங்கலாமா என்று கேட்டால், என் பதில்: நோய் உறுதியானால் ஒரு வாரம்கூடத் தாமதிக்காமல் கேளுங்கள், எங்கே கேட்க முடியுமோ அங்கெல்லாம் கேளுங்கள். முதல் தவணைக்கு முன்னால் நடை, மூச்சுத் திறன், மூட்டு மடங்கும் கோணம், கழுத்து எம்.ஆர்.ஐ. நான்கையும் எடுத்துக் கோப்பில் வையுங்கள். பிறகு உதவித்தொகை கேட்கும் இடத்தில் "பலன் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். அம்மாவின் வாய்வார்த்தை அங்கே எடுபடாது, அளந்த எண் எடுபடும்.

நாள் தேர்வு பற்றியும் சொல்கிறேன். நாங்கள் சனிக்கிழமை வைத்திருக்கிறோம், பள்ளி கெடுவதில்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு விடியற்காலை பஸ். முந்தின நாளிலிருந்தே தண்ணீர் நிறையக் குடிக்க வைத்தால் நரம்பு கொஞ்சம் எளிதாகக் கிடைக்கும், அதிக நீர் கூடாது என்று இதய மருத்துவர் சொல்லியிருந்தால் தவிர. சனிக்கிழமை மருந்தகம் மதியத்தோடு மூடும் மருத்துவமனை என்றால், குப்பியும் ஃபில்டரும் வந்துவிட்டனவா என்று வெள்ளிக்கிழமையே போனில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு பஸ் ஏறுங்கள்.